கல்லறைத் திருநாளிலிருந்து எண்ணினால்

எனக்கு முதலில் தெரிந்தது பாவாடை நாடாவில்தான். தினமும் முடிச்சு விழும் இடத்தில் நாடா கறுத்துப் போயிருக்கும். அந்த மார்ச் மாதத்தில் கறுத்த இடம் முடிச்சை விட்டு விலகி இடுப்புப் பக்கம் போய்விட்டது. நாடாவின் நுனியில்தான் முடிச்சுப் போட முடிந்தது.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. மூன்று பிள்ளைகள். கடைசிப் பையனுக்குப் பதினொன்று. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தூத்துக்குடியில் அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, காய்ச்சலுக்கு மட்டும் வரிசை இல்லை. அது வீடு தேடி வந்தது. எனக்கு முந்தின அக்டோபரிலேயே மலேரியா (கொசுவால் வரும் முறைக்காய்ச்சல், ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரோடு வரும்) வந்து, விட்டு விட்டுத் தொடர்ந்தது. கை கால் குச்சியாகிவிட்டன. மாத விலக்கு நின்றுபோயிருந்தது. உடம்பில் ரத்தம் இல்லை, வயதும் ஆகிவிட்டது என்று அதற்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரு தொல்லை குறைந்தது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

வயிறு மட்டும் மெலியாமல் பெரிதாவதைப் பார்த்து, எங்கள் தெரு முனையில் மருந்து கொடுத்துவந்த கம்பவுண்டரிடம் போனேன். அவர் சேலைக்கு மேலேயே விரலால் இரண்டு இடத்தில் அழுத்தினார். காய்ச்சல் கட்டி என்றார். அதாவது மண்ணீரல் (இடது விலாவுக்கு அடியில் இருக்கும் உறுப்பு, மலேரியாவில் வீங்கும்). கொயினா மிக்ஸர் (மலேரியாவுக்கான கசப்பு மருந்து) கொடுத்தார். யுத்தத்தால் கொயினா தட்டுப்பாடு வந்தபோது மஞ்சள் மாத்திரை கொடுத்தார். அதைத் தின்று என் தோலே மஞ்சளானது. உள்ளே ஏதோ அவ்வப்போது புரண்டது. வாய்வு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தேன். மூன்று பெற்றவளுக்கு அதுகூடத் தெரியாதா என்று பின்னால் எல்லாரும் கேட்டார்கள். தெரியவில்லை. கட்டி என்று ஒருவர் சொன்ன பிறகு, உடம்பு என்ன சொன்னாலும் அதைக் கட்டியின் பேச்சாகத்தான் கேட்டேன். இதே நிலையில் இருக்கிற பெண் யாராவது இதைப் படித்தால், அவள் தன்னை மடச்சி என்று திட்டிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மே மாதக் கடைசியில் கால் வீங்கியது. காலையில் செருப்பு நுழையவில்லை. என் கணவரின் அக்கா செசிலி மைனி, பக்கத்து வீட்டுக்காரி, என்னை ஜட்கா வண்டியில் ஏற்றிப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மைனி நல்லவள். அவள் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும் என்பதைத் தவிர அவளிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டாக்டரம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர். என்னைப் படுக்கவைத்து, அடிவயிற்றிலிருந்து மேல்நோக்கிக் கையை நகர்த்திக்கொண்டே வந்தார். "மண்ணீரல் மேலே இருந்து கீழே வளரும். இது கீழே இருந்து மேலே வந்திருக்கு" என்றார். பிறகு ஒரு மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்தினார். நெடுநேரம் எடுக்கவில்லை. "கட்டிக்கு எங்கேயாவது இதயம் துடிக்குமா திரேசா?" என்று கேட்டார்.

எனக்கு வெட்கம் வந்தது. அதற்குப் பிறகு பயம் வந்தது. சந்தோஷம் வரவில்லை, அதை ஒளிக்க விரும்பவில்லை.

ரத்த அழுத்தம் மிக அதிகம் என்றார். என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காய்ச்சினார்கள். அது திரிந்த பால்போல வெள்ளையானது. ஆல்புமின் (ரத்தத்தில் நிற்கவேண்டிய புரதச் சத்து) இறங்குகிறது, கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று விளக்கினார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். கடைசியாக விலக்கானது எப்போது? எனக்குத் தெரியவில்லை. சரி, புருஷன் கடைசியாக வீட்டில் இருந்தது எப்போது?

நான் வாய் திறக்குமுன் மைனி சொல்லிவிட்டாள். "ஆகஸ்டு இருவதுல தோணி போச்சு டாக்டரம்மா. இன்னும் திரும்பல்ல."

டாக்டரம்மா விரல்விட்டு எண்ணினார். அப்படியானால் மே மாதப் பாதியிலேயே பிறந்திருக்க வேண்டும். வயிறு அதற்குத் தகுந்த அளவில் இல்லையே, நாள் நிச்சயந்தானா என்று மறுபடி கேட்டார். மைனிக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. "எந் தம்பி சரக்கு எறக்காம வீட்டுப் படி ஏறமாட்டான். ஊருக்கே தெரியும்" என்றாள். நான் பேசாமல் இருந்தேன். அந்த ஆஸ்பத்திரியில் நடந்த பிழை அது ஒன்றுதான், அதைச் செய்தது நான்.

ஏன் பேசவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

என் கணவர் தண்டல், பாய்மரச் சரக்குத் தோணியை நடத்துகிறவர். யுத்தத்தால் நீராவிக் கப்பல்கள் குறைந்துபோக, தோணிகளுக்கு ஓட்டம் கூடியது. அந்த ஆண்டு அவருடைய தோணி கொழும்புக்கும் மலையாளக் கரைக்குமாக மாதக் கணக்கில் ஓடியது. அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து அந்தத் தோணியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏற்றிய சரக்கை ஒப்படைக்காமல் யாரும் தன் வீட்டுப் படி ஏறக்கூடாது. வழியில் சொந்த ஊரே வந்தாலும் சரி. வீட்டுக்குப் போனவன் திரும்பி வர மனமில்லாமல் நின்றுவிட்டால் தோணி ஆளில்லாமல் கடலில் தவிக்கும் என்பது காரணம். மற்றத் தோணிகளில் இது தளர்ந்துபோயிருந்தது. என் கணவர் தளர்த்தவில்லை. அதனாலேயே அவருக்குத் தெருவில் ஒரு மதிப்பு.

அக்டோபர் கடைசியில், கொழும்புக்கு ஓடு ஏற்றிக்கொண்டு போகும்போது, காற்றில் பாய்மரத்தில் கீறல் விட்டுவிட்டது. முயல்தீவு மறைவில் நங்கூரம் போட்டு ஒரு வாரம் மராமத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்து பார்த்தால் தீவு தெரியும். சோறு மட்டும் சிறு வள்ளத்தில் போயிற்று. அந்த வாரந்தான் தோணியில் வேலை செய்த இன்னாசியின் தகப்பனார் படுத்த படுக்கையாகக் கிடந்தார். இன்னாசியின் தாயார் வள்ளக்காரனிடம் சொல்லியனுப்பினாள். இன்னாசி ஒரு மணி நேரம் கேட்டான். என் கணவர் மாட்டேன் என்றுவிட்டார். நானே என் வீட்டுக்குப் போகவில்லை, நீ எப்படிப் போவாய் என்று கேட்டிருக்கிறார். இன்னாசி அதற்குமேல் கேட்கவில்லை. நவம்பர் நாலாம் தேதி தகப்பனார் இறந்துபோனார். தோணி மூன்றாம் தேதியே பாய் விரித்துவிட்டது.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். தெருவே மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தது. என் பிள்ளைகளை மைனி கூட்டிப்போயிருந்தாள். எனக்குக் காய்ச்சல் விட்டிருந்த நாள், ஆனால் நடக்கத் தெம்பில்லை. மத்தியானம் கதவைத் திறந்துகொண்டு என் கணவர் வந்தார். சரக்குக் கிடங்கான கிட்டங்கியில் கயிறு எடுக்கவென்று கரைக்கு வந்தவர், எனக்கு உடம்பு சரியில்லை என்று வள்ளக்காரன் சொன்னதைக் கேட்டு வந்துவிட்டார். கையில் இரண்டு சாத்துக்குடி. ஒரு மணி நேரம் இருந்தார். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மேற்கொண்டு எழுத வேண்டியதில்லை. போகும்போது, நான் வந்ததை யாரிடமும் சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த நாளைத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு வீட்டுக்கு வராத மனிதரின் பெண்டாட்டி, நவம்பரிலிருந்து எண்ணச் சொன்னால் ஊர் என்ன நினைக்கும்? அவர் வந்தார் என்று சொன்னால் யார் சாட்சி? நம்பினால் அவர் பெயர் போகும். நம்பாவிட்டால் என் பெயர் போகும். அவரோ கடலில் இருந்தார்.

டாக்டரம்மா இரண்டு நாள் பார்த்தார். அழுத்தம் இறங்கவில்லை. காய்ச்சலாலும் ரத்தக் குறைவாலும் பிள்ளை வளராமல் இருக்கிறது, நாள் கடந்துவிட்டதால் இனிமேல் உள்ளே வைத்திருப்பது இருவருக்கும் கெடுதல் என்று முடிவு செய்தார். அவரிடம் இருந்த தேதிக்கு அது சரியான முடிவுதான். மறுநாள் காலை விளக்கெண்ணெயும் கொயினாவும் கொடுத்து வலி வரவழைப்பது என்று ஏற்பாடு.

காலையில் நர்ஸ் டம்ளரோடு வந்தாள். பக்கத்தில் மைனி கஞ்சித் தூக்குடன் நின்றாள். நான் நர்ஸிடம், மாசம் குறைவாக இருந்தால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். ஏழு மாதத்துப் பிள்ளைக்கு நெஞ்சு முற்றியிருக்காது, இங்கே வைத்துக் காப்பாற்றுகிற வசதி இல்லை, மூச்சு நின்றுவிடும் என்றாள். வேறு யாரையோ பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து, சாதாரணமாகச் சொன்னாள். உள்ளே பிள்ளை உதைத்தது. மூன்று மாதமாக வாய்வு என்று நான் ஓமத் தண்ணீர் ஊற்றிய அதே இடத்தில்.

டம்ளரைத் தள்ளிவிட்டேன். டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்ததும், "ஆகஸ்டு இல்ல டாக்டரம்மா. நவம்பர் ரெண்டு. கல்லறைத் திருநாள் அன்னைக்கு மத்தியானம் அவுக வீட்டுக்கு வந்தாக" என்றேன்.

மைனி தூக்கைக் கீழே வைத்தாள். "ஏளா, என்ன சொல்லுத? யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல்ல மைனி. எல்லாரும் கல்லறைக்குப் போயிருந்தீக."

"யாரும் பாக்காதத எப்படி நம்ப?"

டாக்டரம்மா குறுக்கே கையைக் காட்டினார். "யார் பார்த்தாங்கன்னு எனக்கு வேண்டாம். நாள் மட்டும் போதும்" என்றார். மறுபடி மரக்குழலை வைத்துக் கேட்டார், அளந்தார். முப்பத்தொரு வாரம். வயிற்றின் அளவும் அதையேதான் சொல்கிறது என்றார். நர்ஸ் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். இன்றுவரை நான் வீட்டில் விளக்கெண்ணெய் வாங்கிவைப்பதில்லை.

அதன் பிறகு வைத்தியம் என்பது ஒன்றும் செய்யாமல் கிடப்பதுதான். இடது பக்கமாகப் படுக்க வேண்டும். உப்பு கூடாது. ஊரைச் சுற்றிலும் உப்பு மலைமலையாகக் குவிந்து கிடக்கிற தூத்துக்குடியில் நான் உப்பில்லாக் கஞ்சி குடித்தேன். தினமும் சிறுநீரைக் காய்ச்சினார்கள். வெண்மை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கால் வீக்கமும் வடிந்தது. நான் தின்ற கொயினா பிள்ளையை என்ன செய்திருக்கும் என்று ஒருநாள் கேட்டேன். காது கேளாமல் போகலாம், போகாமலும் இருக்கலாம், பிறந்த பிறகுதான் தெரியும் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டர் அவர். அதற்காகவே அவரை நம்பினேன்.

கஞ்சி வந்தது. மைனி வரவில்லை, என் மூத்த மகளிடம் கொடுத்தனுப்பினாள். தெருவில் என்ன பேசினார்கள் என்று மகள் சொல்லவில்லை. தூக்கை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவாள். அது எனக்குக் கால் வீக்கத்தைவிட வலித்தது.

ஜூன் இரண்டாம் வாரம் தோணி வந்தது. சரக்கை இறக்கி முடித்து வந்த என் கணவரைக் கரையிலேயே பிடித்து, நேராக ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்தாள் மைனி. அவர் மேல் மீனெண்ணெய் வாசனை போகவில்லை. என் வயிற்றைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சாடைகூடக் காட்டவில்லை. அவராகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

"ஏலே, இவ சொல்லுதது நெசமா?" என்று மைனி கேட்டாள்.

அவர் சன்னல் பக்கம் திரும்பி நின்றார். பக்கத்துக் கட்டில்காரி இரண்டு முறை இருமினாள். அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

"நெசந்தான் அக்கா. நான் வந்தேன்" என்றார்.

மைனி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் உட்காரவில்லை. அங்கிருந்து நேரே இன்னாசி வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததைப் பின்னால் அவரே சொன்னார். இன்னாசி வாசலில் நின்றே கேட்டிருக்கிறான். திட்டவில்லை. "எந்நேரம் போனீக?" என்று மட்டும் கேட்டானாம். மத்தியானம் என்று இவர் சொல்லியிருக்கிறார். "அன்னைக்கு மத்தியானம் அப்பா நல்லா பேசிக்கிட்டு இருந்தாகளாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அடுத்த ஓட்டத்துக்கு அவன் வேறு தோணியில் ஏறினான். என் கணவர் அந்தக் கட்டுப்பாட்டை அத்தோடு எடுத்துவிட்டார்.

ஜூன் கடைசியில் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜூலை இருபத்திரண்டாம் தேதி எனக்குத் தலைவலி தொடங்கியது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியிலிருந்து இறங்கியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பிரசவ வலிப்பு (அழுத்தம் மூளையைத் தாக்கி நினைவு தப்புவது) வந்து, ஊசி மேல் ஊசி போட்டார்களாம். அதற்கு நடுவே பிள்ளை பிறந்தது. பெண். எடை நாலரை ராத்தல்தான். நான் விழித்தபோது இருபத்துநாலாம் தேதி. அந்த இரண்டு நாட்கள் எனக்குக் கிடையாது. பிள்ளை பிறந்த நாள் எது என்றால், மற்றவர்கள் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்.

லூர்து என்று பெயர் வைத்தோம். மூன்று மாதத்தில், அவளுக்குப் பின்னால் நின்று பித்தளைத் தட்டைத் தட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் தட்டினால் திரும்பினாள். இடப்பக்கம் தட்டினால் திரும்பவில்லை. மறுபடி தட்டினேன். மறுபடியும் அப்படியே. அன்று தட்டை வைத்துவிட்டு அழுதேன். கொயினாவாலா, காய்ச்சலாலா, வலிப்பாலா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஒரு காது நன்றாகக் கேட்கிறது, பேச்சு வரும் என்றார். வந்தது. இப்போது வாய் ஓய்வதில்லை, மைனியின் வளர்ப்பு.

என் ரத்த அழுத்தம் பழைய இடத்துக்கு வரவில்லை. உப்பு இன்றும் பாதிதான். நாடாவின் முடிச்சும் பழைய இடத்தில் விழவில்லை. இப்போது அதில் இரண்டு கறைகள். உடம்பில் எதையும் இது இன்னதுதான் என்று அடித்துச் சொல்கிற துணிவு எனக்குப் போய்விட்டது. கேட்கிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: டாக்டர் நாள் கேட்டால் உண்மையான நாளைச் சொல்லுங்கள். பக்கத்தில் யார் நின்றாலும் சொல்லுங்கள். முடியாவிட்டால் அவர்களை வெளியே போகச் சொல்லுங்கள். எனக்கு அன்று அது தோன்றவில்லை.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் என் கணவரும் நானும் இன்னாசியின் தகப்பனார் கல்லறைக்கும் ஒரு மெழுகுவர்த்தி கொண்டுபோவோம். இன்னாசி காலையில் வருவான் என்பதால் நாங்கள் சாயங்காலம் போவோம். சென்ற வருஷம் அவனும் சாயங்காலம் வந்திருந்தான். என் கணவர் பாதையிலேயே நின்றுவிட்டார். நான் லூர்துவைக் கையில் பிடித்துக்கொண்டு அருகே போனேன்.

அவளுடைய இடது பக்கம் நின்று, வயசு என்ன என்று இன்னாசி கேட்டான். அவளுக்குக் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டினாள். அவன் குனிந்து மறுபடி கேட்டான். போன ஜூலையில் அஞ்சு முடிஞ்சுது என்றாள். அவன் என்னைப் பார்த்தான். கடலோடிகளுக்கு மாதம் எண்ண விரல் வேண்டாம். கல்லறை மேலிருந்த தீப்பெட்டியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"எங்கப்பாவுக்கு நீயே பொருத்து மோளே" என்றான்.

காற்றில் இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவதில் பற்றியது. ஊர் எண்ணிக்கையில் அவளுக்கு அன்று ஐந்து வயதும் மூன்று மாதமும். அவள் பிறந்த நாள் எனக்கு நினைவில் இல்லாததால் நான் வேறு நாளிலிருந்து எண்ணுகிறேன். என் எண்ணிக்கையில் அன்றோடு ஆறு.